வீட்டுல இருந்து லத்தீன் படிக்க: மெயின் புக் போக எத வாங்கலாம், எத விட்ரலாம்

லத்தீன் படிக்க எந்த புக் வாங்கலாம்னு கேட்டா பதில் சொல்ல ஆளு ஒருவாடு இருக்கு, ஒரு கூட்டம் வீலாக்னு சொல்லும், இன்னொரு கூட்டம் ஓர்பெர்க்னு சொல்லும், ரெண்டும் சண்ட போட்டுட்டு கலைஞ்சிரும். ஆனா அந்த புக்க வாங்கி ஏழெட்டு பாடம் தாண்டுன பெறவு பக்கவாத்தியமா என்ன வச்சுக்கணும், எது குடுத்த காசுக்கு ஒப்பும், எது சும்மா போன்ல எடத்த அடைக்கும், அத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அதனால நாங்க வாங்குனது, டவுன்லோடு பண்ணுனது, பாதில விட்டது எல்லாத்தையும் ஒரே மூச்சுல எழுதிர்றேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நாங்கன்னா நானும் எங்க அக்கா மகளும். வீடு மார்த்தாண்டம் பக்கம், களியக்காவிளை தாண்டுனா கேரளா. அவ திருவனந்தபுரத்துல பாட்டனி படிக்கா, குழித்துறையில ட்ரெயின் ஏறிப் போய்ட்டு வர்றவ, செடிப் பேர் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி பண்ணி வெறுத்துப் போய் இதுக்கெல்லாம் அர்த்தம்னு ஒண்ணு இருக்கும்லன்னு கேட்டு ஆரம்பிச்சா. எனக்கு மாதா கோவில் குயர். 'தாந்தும் எர்கோ' பாடுவோம், திருநாளுக்கு 'மிஸ்ஸா தே ஆஞ்செலிஸ்' பாடுவோம், ஒரு வரிக்கு அர்த்தம் தெரியாது. எங்க பக்கம் ஜாதி சர்டிபிகேட்லயே லத்தீன் கத்தோலிக்கர்னு எழுதிக் குடுக்காங்க, வீட்டுல ஒருத்தருக்கும் ஒரு வார்த்த லத்தீன் தெரியாதுங்கறது வேற விஷயம். ரெண்டு பேருக்கும் தேவை வேற வேறங்கறதால ஒருத்திக்கு ஒத்துவந்தது இன்னொருத்திக்கு ஒத்துவரல, அதையும் அங்கங்க சொல்லிர்றேன்.

மெயின் புக் எங்களுக்கு ஓர்பெர்க்கோட 'ஃபமிலியா ரோமானா'. ஹான்ஸ் ஓர்பெர்க் டென்மார்க்காரர், 1955ல மொதல்ல வேற பேர்ல வந்த பாடத்தத்தான் பின்னால திருத்தி இப்ப விக்கிறாங்க. மொத்தம் 35 பாடம், மொத பக்கத்துல இருந்து லத்தீன் மட்டும்தான், ஒரு வார்த்தைக்கும் இங்கிலீஷ்ல அர்த்தம் கெடையாது, ஓரத்துல சின்னச் சின்ன படம் இருக்கும், அத வச்சு நீங்களே ஊகிச்சுக்கணும். ஒரு ரோமன் வீடு, அப்பா யூலியுஸ், அம்மா ஐமிலியா, மார்க்குஸ், குவிந்துஸ்னு ரெண்டு பசங்க, யூலியான்னு ஒரு பொண்ணு, வேலைக்கு ஒரு கூட்டம் அடிமைங்க. மூணாவது பாடத்துலயே மார்க்குஸ் யூலியாவ அடிச்சு அவ அழுதுட்டு அம்மாகிட்ட போயிருவா, நாலாவதுல அய்யா பையில இருந்து காச ஒருத்தன் அடிச்சிருப்பான், அப்படியே கத ஓடும். இங்கிலீஷ் இலக்கணத்த மொதல்ல புரிஞ்சு அது வழியா லத்தீன் இலக்கணத்துக்கு வர்றது தலையச் சுத்தி மூக்கத் தொடுற வேல, அது இதுல கெடையாதுங்கறதுதான் நம்ம ஆளுகளுக்கு இதோட பெரிய லாபம்.

கொறை என்னன்னா ஒவ்வொரு பாடத்துலயும் புது வார்த்த வண்டி வண்டியா எறங்கும். ஒருவாட்டி படிச்சா கத தெரிஞ்சு போயிரும், ரெண்டாவது வாட்டி படிக்கும்போது கண்ணு எழுத்துல இருக்கும், மனசு தெரிஞ்ச கதைய வச்சு ஒப்பேத்திட்டு ஓடிரும். அங்கதான் துணைக்கு ஏதாவது வேணும். எல்லாரும் செய்றது என்னன்னா இன்னொரு இலக்கண புக், இன்னொரு ஆப், இன்னொரு வீடியோ கோர்ஸ்னு மறுபடி மொதல்ல இருந்து பாடம் நடத்துற சாமானா வாங்கி அடுக்குறது. இன்னொரு வாத்தியார வச்சுக்கிட்டு என்ன பண்ண? தெரிஞ்ச அதே வார்த்த, தெரிஞ்ச அதே இலக்கணம், ஆனா தெரியாத கத, அது வேணும். இத வச்சுத்தான் கீழ உள்ள எல்லாத்துக்கும் மார்க் போட்டிருக்கேன்.

அந்தக் கணக்குல மொத எடம் 'கொல்லோக்வியா பெர்சொனாரும்', இதுவும் ஓர்பெர்க் எழுதுனதுதான். மெல்லிசான புக். மெயின் புக்கோட மொத 24 பாடத்துக்கும் பாடத்துக்கு ஒரு உரையாடல், அதே ஆளுங்க, அதே வீடு, அந்தப் பாடத்துல படிச்ச வார்த்தையும் அதுக்கு மேல கொஞ்சமும். நாங்க வச்சிருக்க வழி, ஒரு பாடம் முடிச்சுட்டு உடனே அதோட உரையாடலுக்குப் போறதில்ல, ரெண்டு பாடம் தள்ளிப் போய்ட்டு திரும்பி வந்து வாசிக்கோம், ஆளுக்கொரு வேஷம் எடுத்து சத்தமா. அக்கா மகளுக்கு எப்பவும் யூலியா வேஷம்தான் வேணும். மறந்து போச்சுன்னு நெனச்ச வார்த்தையெல்லாம் அப்ப திரும்பி வரும் பாருங்க, அதுக்குத்தான் காசு. வெளிநாட்டு புக் ஆனதால விலை கூடுதல், வர நாளாகும், ஆனா மெயின் புக்குக்கு அப்புறம் ஒரே ஒரு புக் வாங்கத்தான் காசு இருக்குன்னா இத வாங்குங்க. பயிற்சிக்குன்னு தனியா 'எக்ஸெர்சிதியா'ன்னு ஒண்ணு விக்கிறாங்க, மெயின் புக்லயே பாடத்துக்கு அடியில பயிற்சி இருக்கு, அத ஒழுங்கா செஞ்சா போதும்னு நான் சொல்லுவேன், அவ ஒத்துக்க மாட்டா.

26ஆம் பாடத்துக்கு மேல போனவங்களுக்கு 'ஃபாபுலாய் சிராய்', லூயிஜி மிரால்யா எழுதுனது, கிரேக்க ரோமன் புராணக் கதைங்கள அந்தந்த பாடத்தோட லெவலுக்கு எழுதியிருக்கார். கொள்ளாம். ஆனா அதுக்கு ஓசியிலயே ஒரு மாற்று இருக்கு, ரிச்சியோட 'ஃபாபுலாய் ஃபாகிலெஸ்', 1903ல கர்ட்லண்ட் திருத்தி வெளியிட்ட பதிப்பு, காப்பிரைட் முடிஞ்சது, குட்டன்பெர்க் சைட்ல கெடக்கு. பெர்செயுஸ், ஹெர்குலெஸ், ஆர்கோ கப்பல்ல போன கூட்டம், உலிக்செஸ், இந்த நாலு கத. ஆரம்பத்துல வாக்கியம் சின்னச் சின்னதா எளிசா இருக்கும், போகப் போக இறுகும், ஹெர்குலெஸ் வேல ஒவ்வொண்ணா முடிக்க முடிக்க நமக்கும் வாசிப்பு கூடிக்கிட்டே வரும். கொறை ஒண்ணு, நெட்டெழுத்து மேல போடுற கோடு சில காப்பியில விட்டுப் போயிருக்கும், அத பத்தி கீழ சொல்றேன்.

வீலாக் வச்சுப் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த. 1956ல வந்த புக், 40 பாடம், பின்னாடி தானே படிக்கிறவங்களுக்கு பயிற்சியும் விடையும் இருக்கு, அதெல்லாம் நல்ல விஷயந்தான். ஆனா வாக்கியமெல்லாம் அங்கங்க பழைய ஆசிரியர்கள்கிட்ட இருந்து பிச்சு எடுத்தது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்காது, ஒரு வரி காதல், அடுத்த வரி யுத்தம், அதுக்கு அடுத்த வரி புத்திமதி. அவங்களுக்கு '38 லாட்டின் ஸ்டோரீஸ்' கட்டாயம் வேணும், வீலாக் பாடத்தோட வரிசைக்கு ஒத்து எழுதுனது, அப்பதான் தொடர்ச்சியா ஒரு பக்கம் வாசிச்ச திருப்தி கெடைக்கும்.

இனி சத்தம். புக் மட்டும் வச்சுப் படிச்சா லத்தீன் கணக்குப்பாடம் மாதிரி ஆயிரும், காதுல விழணும். ஆனா இங்க ஒரு குழப்பம் இருக்கு, உச்சரிப்பு ரெண்டு வகை. கோவில்ல கேக்கிறது இத்தாலிக்காரங்க உச்சரிப்பு, வானத்துக்கு உள்ள வார்த்தைய 'சேலும்'னு சொல்லுவாங்க, ராணிய 'ரெஜீனா'ன்னு சொல்லுவாங்க. பழைய ரோம்ல எப்படி பேசியிருப்பாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்க உச்சரிப்புல அதே வார்த்த 'கைலும்', 'ரேகீனா'. ஓர்பெர்க் தன் புக்க தானே வாசிச்சு ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கார், அது ரெண்டாவது வகை. அத கேட்டுட்டு நான் குயர்ல போய் 'சால்வே ரேகீனா'ன்னு பாடுனா மாஸ்டர் விரட்டி விட்ருவார். ரெண்டையும் பழகிக்கலாம், கஷ்டம் இல்ல, ஆனா எது எதுன்னு தெரிஞ்சு கேளுங்க.

பழைய உச்சரிப்புக்கு யூடியூப்ல ஸ்கார்பியோ மார்த்தியானுஸ்னு ஒரு சேனல், லூக் ரனியெரி நடத்துறது, எழுத்த காட்டிக்கிட்டே நிதானமா வாசிப்பார், குறிலும் நெடிலும் அப்படி சுத்தமா இருக்கும். நம்மளுக்கு ஒரு சவுகரியம் பாருங்க, குறில் நெடில் வித்தியாசம் நம்ம நாக்குல பொறந்ததுல இருந்தே இருக்கு, இங்கிலீஷ்காரங்கதான் அதுக்கு மல்லுக்கட்டுறாங்க. 'லிபெர்'னு குறிலா சொன்னா புக், 'லீபெர்'னு நெடிலா சொன்னா சுதந்திரமானவன். அதனாலதான் நெட்டெழுத்துக்கு மேல கோடு போட்ட பதிப்பா பாத்து வாங்குங்கன்னு சொல்றது, கோடு இல்லாத புக்க வச்சு ஆரம்பத்துல படிச்சா எல்லாத்தையும் குறிலா பழகி அப்புறம் திருத்தறது பெரும்பாடு.

காசு குடுத்து ஆப் வாங்கணும்னா லெகெந்திபுஸ். லத்தீன் கதையும் அதோட ஆடியோவும் ஒண்ணா வரும், வாசிக்கிற வரி கலர்ல ஓடிக்கிட்டே வரும், ஆரம்பக்காரங்களுக்குன்னு எளிசான கதைங்க இருக்கு, மேல போகப் போக பழைய ஆசிரியர்களும் இருக்காங்க. சந்தா கட்டணும். நான் சொன்ன அளவுகோலுக்கு அப்படியே பொருந்துறது ஆப்புல இது ஒண்ணுதான், தெரிஞ்ச வார்த்தையில தெரியாத கத. அக்கா மக ட்ரெயின்ல இததான் போடுதா, பாறசாலை தாண்டுனா நெட் விட்டு விட்டு வரும்னு முன்னாலயே டவுன்லோடு பண்ணி வச்சிருவா. எனக்கு சந்தா கட்ற அளவுக்கு அது வேணுமான்னா வேண்டாம், வேல முடிஞ்சு வந்து உக்காந்து கேக்க நேரம் கெடைக்காது, மாசக் காசு வீணா போகும். தெனமும் பயணம் இருக்கறவங்களுக்கு கொள்ளாம்.

கோவில் உச்சரிப்புக்கு வத்திக்கான் ரேடியோ 'ஹெப்தோமதா பாபாய்'னு ஒரு நியூஸ், 2019ல ஆரம்பிச்சது, அஞ்சு நிமிஷ லத்தீன் நியூஸ். சும்மா கேக்கலாம். ஆரம்பத்துல ஒண்ணும் வெளங்காது, பேரும் ஊரும் மட்டும் காதுல விழும், அதனால கொஞ்சம் படிச்ச பெறவு போங்க. எங்க ஊர்க்காரங்களுக்கு இதவிட நல்ல ஒண்ணு இருக்கு. நட்டாலத்து தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15ஆம் தேதி ரோமுல புனிதர் பட்டம் குடுத்தாங்கல்ல, அன்னைக்கு பத்து பேருக்கு ஒண்ணா குடுத்தது, அந்த வீடியோவ எங்க பக்கம் பாக்காத வீடு இல்ல. அதுல போப் பட்டம் குடுக்கற அறிவிப்ப லத்தீன்லதான் வாசிப்பார், 'தெசெர்னிமுஸ் எத் தெஃபினிமுஸ்'னு வரும், நாம் தீர்மானிக்கிறோம், வரையறுக்கிறோம்னு அர்த்தம். கடைசியில வர்ற அந்த 'முஸ்' நம்ம 'ஓம்' செய்ற வேலையத்தான் செய்யுது. பாடத்துல வினைச்சொல் பட்டியல படிச்சுட்டு இந்த வீடியோவ திரும்ப போட்டுப் பாத்தப்ப எங்க அம்மாவும் கூட உக்காந்துட்டாங்க.

டுயோலிங்கோ. இத கேக்காத ஆளே இல்ல. லத்தீன் கோர்ஸ் 2019ல வந்தது, இலவசம், வெளையாட்டு மாதிரி போகும், குடிச்சுட்டு ஆடுற கிளியெல்லாம் வரும், சிரிப்பா இருக்கும். ஆனா கோர்ஸ் ரொம்ப சின்னது, நெடிலுக்கு கோடு போட மாட்டாங்க, எல்லாமே இங்கிலீஷ்ல இருந்து லத்தீன், லத்தீன்ல இருந்து இங்கிலீஷ். நம்ம தப்பு பாதி லத்தீன்ல இருக்காது, இங்கிலீஷ்ல 'எ' போடவா 'தி' போடவாங்கறதுல இருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு ஆசை காட்ட நல்லது, அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

ஆங்கி வேற ரகம். வார்த்த அட்டை ஆப், ஆண்ட்ராய்டுலயும் கம்ப்யூட்டர்லயும் ஓசி, ஐபோன்ல மட்டும் காசு. மறக்கப் போற நேரம் பாத்து அந்த வார்த்தைய திரும்பக் காட்டும். அடுத்தவங்க செஞ்சு வச்ச அட்டைக்கட்டு ஆயிரம் கெடைக்கும், அத எடுக்காதீங்க, நீங்களே செய்ங்க, அதுவும் தமிழ்ல அர்த்தம் போட்டு, ஒத்த வார்த்தையா போடாம புக்குல வந்த வாக்கியத்தோட போட்டு. எந்த வார்த்தைய மொதல்ல போடணும்னு தெரியலன்னா டிக்கின்சன் காலேஜ் ஒரு லிஸ்ட் போட்டு வச்சிருக்கு, லத்தீன்ல அதிகமா வர்ற சுமார் ஆயிரம் வார்த்த, இலவசம். அட்டை செய்ற வேலையிலயே பாதி மனப்பாடம் ஆயிரும்.

டிக்ஷனரிக்கு காசு செலவழிக்கவே வேண்டாம். லத்தீன்ல வார்த்த வால் மாறிக்கிட்டே இருக்கும், புக் டிக்ஷனரியில தேடணும்னா மொதல்ல அந்த வால வெட்டத் தெரியணும், ஆரம்பத்துல அது தெரிஞ்சா ஏன் டிக்ஷனரி தேடப் போறோம். அதுக்கு விட்டக்கரோட 'வேர்ட்ஸ்', அமெரிக்க விமானப்படையில கர்னலா இருந்து ரிட்டையர் ஆன வில்லியம் விட்டக்கர் எழுதுன புரோகிராம், எந்த உருவத்துல இருக்க வார்த்தையப் போட்டாலும் இது இன்ன சொல், இன்ன வேற்றுமை, ஒருமையா பன்மையான்னு பிரிச்சு குடுத்துரும். பாக்க பழைய காலத்து கருப்பு ஸ்க்ரீன் மாதிரி அசிங்கமா இருக்கும், வேல சுத்தம். கொஞ்சம் மேல போனதும் லோகெயோன், சிகாகோ யூனிவர்சிட்டிக்காரங்களோடது, சைட்டும் உண்டு ஆப்பும் உண்டு, 1879ல வந்த லூயிஸ் ஷார்ட் பெரிய அகராதியே உள்ள இருக்கு. ரெண்டும் ஓசி. ரெண்டும் இங்கிலீஷ்ல, அத மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.

இலக்கண புக் துணைக்கு ஒண்ணு வேணும், ஓர்பெர்க்ல அட்டவணை இருக்கு ஆனா வெளக்கம் கம்மி. ஆலன் கிரீனோவோட 'நியூ லாட்டின் கிராமர்', 1903 பதிப்பு, அதுவே போதும், காப்பிரைட் இல்ல, இலவசமா வாசிக்கலாம். ஆனா ஒரு எச்சரிக்கை, பழைய புக்க ஸ்கேன் பண்ணி ஆர்டருக்கு அச்சடிச்சு விக்கிற கடைங்க ஆன்லைன்ல இருக்கு, அட்டை பளபளன்னு இருக்கும். நாங்க ஒண்ணு வாங்குனோம், அட்டவணை வர்ற பக்கமெல்லாம் வலது ஓரம் வெட்டுப்பட்டு பன்மை வரிசையே காணோம், ஒருமை மட்டும் இருக்கு, ரோம்ல எல்லாரும் தனியா வாழ்ந்தாங்க போல. திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க. சவத்த ஒரு மூலையில போட்டுட்டு அதே புக்கோட பிடிஎஃப்ல நமக்கு வேண்டிய அட்டவணைப் பக்கத்த மட்டும் மார்த்தாண்டத்துல ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டோம், கடைக்கார அண்ணன் இது என்ன பாஷைன்னு கேட்டு, லத்தீன்னதும் அச்சனாகப் போறீங்களான்னு அவகிட்ட கேட்டார்.

இங்கிலீஷ்ல எழுதுன லத்தீன் இலக்கணம் எதையும் தமிழ் ஆளு அப்படியே வரிக்கு வரி படிக்க வேண்டாம். வேற்றுமைன்னா என்ன, வார்த்தைய எடம் மாத்திப் போட்டாலும் அர்த்தம் ஏன் மாறாது, வினைச்சொல் ஏன் கடைசியில நிக்குதுன்னு பக்கம் பக்கமா சமாதானம் சொல்லியிருப்பாங்க, நமக்கு அது அடுக்களைப் பேச்சு. 'உர்பே காப்தா'ன்னு ரெண்டே வார்த்தைய வாக்கியத்து முன்னால போடுவாங்க, ஊரைப் பிடிச்சதும்னு அர்த்தம், அதுக்கு ஒரு பெரிய பேர் வச்சு ஒரு அத்தியாயம் நடத்துவாங்க, நம்ம எச்சம் வச்சுப் பேசுறவங்களுக்கு ரெண்டு உதாரணம் போதும். அவன் வர்றத பாக்கேன்ங்கற மாதிரி வாக்கியமும் அப்படியே. நமக்கு இடிக்கிறது வேற எடம். ஒண்ணு, நம்ம வேற்றுமை உருபு ஒரே செட், எந்தப் பேருக்கும் 'ஐ' 'ஆல்' 'கு'தான், லத்தீன்ல அஞ்சு ரகப் பெயருக்கு அஞ்சு செட். ரெண்டாவது, நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மரங்கள், நமக்கு 'நல்ல' அசையாது, அங்க அதுவும் பேரோட பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏத்து வால ஆட்டிக்கிட்டே போகும். பயிற்சி நேரத்த எல்லாம் இந்த ரெண்டுலயும் போடுங்க.

கோவிலுக்குப் போற ஆளுக்கு ஓசியில கெடைக்கிற பெரிய வாசிப்பு புக் பைபிள்தான். ஜெரோம் நாலாம் நூற்றாண்டு கடைசியில ஆரம்பிச்ச மொழிபெயர்ப்பு, வுல்காத்தா, அதத் திருத்தி 1979ல வந்த நோவா வுல்காத்தா வத்திக்கான் சைட்லயே இருக்கு. ஆதியாகமம் மொத அதிகாரத்த எடுங்க. 'ஃபியாத் லுக்ஸ்', ஒளி உண்டாகட்டும். தமிழ்ல பாதி மனப்பாடமா தெரிஞ்ச விஷயம், அதனால டிக்ஷனரி பக்கமே போக வேண்டாம், அதுக்கு மேல ஒவ்வொரு நாள் முடிவுலயும் சாயங்காலம் ஆச்சு காலை ஆச்சுன்னு அதே வரி திரும்பத் திரும்ப வரும், நாளோட எண் மட்டும் மாறும். மாற்கு, யோவான் ரெண்டும் அடுத்து. ஒரு எச்சரிக்கை, இது கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் ஒட்டி எழுதுனது, இன்னான்னு சொன்னார்னு சொல்ற எடத்துலயெல்லாம் 'க்வோத்', 'க்வியா' போட்டு நேரா வாக்கியம் வைக்கும், பழைய ரோமன் எழுத்தாளர் சிசெரோகிட்ட போனா அந்த வழக்கம் இருக்காது, அங்க போய் முழிக்காதீங்க. எனக்கு சிசெரோகிட்ட ஒரு வேலையும் இல்ல, அதனால நான் இங்கயே இருக்கேன். பாட்டுக்கு அர்த்தம் வெளங்கற அளவுக்கு வந்தாச்சு.

இனி அக்கா மக பக்கம். அவளுக்கு பைபிள் வேகல, செடி வேணும். பாட்டனிக்காரங்களுக்குன்னு ஸ்டெர்ன் எழுதுன 'பொட்டானிக்கல் லாட்டின்', 1966ல மொதல்ல வந்தது, தடி புக், இலக்கணம் கொஞ்சம், கலைச்சொல் அகராதி ஒருவாடு. பேருக்கு அர்த்தம் தேட அத மிஞ்ச ஒண்ணு இல்ல. 2011 வரைக்கும் புதுச் செடிக்குப் பேர் வச்சா லத்தீன்லயே வர்ணன எழுதியாகணும்னு விதி இருந்துச்சு, 2012ல இருந்துதான் இங்கிலீஷ்லயும் எழுதலாம்னு தளர்த்துனாங்க, அதனால பழைய ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிறவங்களுக்கு இந்த புக் இன்னும் வேணும். ஆனா விலை ரொம்ப, அவ காலேஜ் லைப்ரரில எடுத்துத்தான் பாக்கா. ஒரு நாள் வந்து சித்தி, மாமரம் 'மாஞ்சிஃபெரா இண்டிகா', செரி, ஆயினி 'ஆர்தோகார்புஸ் ஹிர்சுத்துஸ்', அதுவும் செரி, புளிய மரம் மட்டும் ஏன் 'தாமரிந்துஸ் இண்டிகா'ன்னு இருக்கு, 'இண்டிகுஸ்'னு தானே வரணும்னு கேட்டா. நான் பாட்டுக்காரி, எனக்கு என்ன தெரியும். அப்புறம் அவளே கண்டுபிடிச்சா, லத்தீன்ல மரத்துப் பேர் முக்காவாசியும் வால் 'உஸ்'னு இருந்தாலும் பெண்பால், அரசமரமும் அப்படித்தான் 'ஃபீக்குஸ் ரெலிஜியோசா', ஆயினி மாதிரி ஆண்பாலா நிக்கிற விதிவிலக்கும் உண்டு. மெயின் புக்ல 'உஸ்'னு முடிஞ்சா ஆண்பால்னு பழகி வர்றவங்க கால் தடுக்குற எடம் இது. தோட்டத்துல நிக்கிற மரம் எல்லாத்துக்கும் பேர் எழுதி அட்டை மாட்டி அதுவே அவளுக்குப் பயிற்சி ஆயிருச்சு.

இந்த மொத்த லிஸ்ட்லயும் என்னைய ஆச்சரியப்படுத்துனது 'ஹொர்த்துஸ் மலபாரிகுஸ்'தான், அதையும் அவதான் கொண்டு வந்தா. கொச்சியில டச்சுக்காரங்க ஆண்ட காலத்துல அங்க தலைவனா இருந்த வான் ரீட் மலையாள நாட்டு செடி கொடி மரம் எல்லாத்தையும் படம் வரைஞ்சு வர்ணன எழுத வச்சு ஆம்ஸ்டர்டாம்ல அச்சடிச்சது, 12 பாகம், 1678ல இருந்து 1693 வரைக்கும் வந்துச்சு, முழுக்க லத்தீன். மருந்து விவரம் குடுத்தது சேர்த்தலை பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதன், அவர் குடுத்த சாட்சிக் கடுதாசி கோலெழுத்துங்கற பழைய லிபியில மொத பாகத்துலயே அச்சாகியிருக்கு. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி சைட்ல ஸ்கேன் இலவசம். மொத பாகத்தத் தொறந்தா மொதச் செடியே 'தெங்கா', நம்ம தெங்குதான், படத்து மேலயே பேர லத்தீன் எழுத்துல, மலையாள எழுத்துல, அரபியில, நாகரியில வெட்டி வச்சிருக்காங்க.

இத லத்தீன் படிக்க எப்படி பயன்படுத்துறதுன்னா, வர்ணன ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரே தடத்துல போகும், வேர், தண்டு, இலை, பூ, காய், கடைசியில எதுக்கு மருந்து. பத்துச் செடி வாசிச்சா பதினொண்ணாவது செடியில பாதி வார்த்த தெரிஞ்சதா இருக்கும். அதுக்கு மேல அந்தச் செடி நம்ம வீட்டுப் பின்னால நிக்கும், அர்த்தம் சந்தேகமா இருந்தா போய் இலைய திருப்பிப் பாத்துக்கலாம், எந்த டிக்ஷனரி அதச் செய்யும். ஆரம்பத்துல வர்ற இடைஞ்சல் அச்சுதான், 17ஆம் நூற்றாண்டு அச்சுல வார்த்தைக்கு நடுவுல வர்ற 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரியே இருக்கும், கண்ணு பழகணும், நெடிலுக்கு கோடும் கெடையாது. அதனால மெயின் புக்ல பாதிக்கு மேல போனவங்களுக்குத்தான் இது. சந்தேகம் தீக்க மொழிபெயர்ப்பும் இருக்கு, கே.எஸ். மணிலால் வருஷக்கணக்கா ஒக்காந்து செஞ்சது, கேரளா யூனிவர்சிட்டி இங்கிலீஷ்ல 2003லயும் மலையாளத்துல 2008லயும் வெளியிட்டுச்சு. நம்ம பக்கத்து ஆளுங்க முக்காவாசிப் பேருக்கு மலையாளம் வாசிக்க வரும்ல, லத்தீன் ஒரு பக்கம் மலையாளம் ஒரு பக்கம் வச்சு வாசிச்சா இங்கிலீஷ் நடுவுல வரவே வராது. முழு செட் வாங்குற வேல வேண்டாம், லைப்ரரில போய் பாருங்க.

ஏஐ சாட்கிட்ட கேட்டு படிக்கலாமேன்னு கேப்பீங்க. வெளக்கம் கேக்க பரவால்ல, ஆனா நெடிலுக்கு கோடு போட்டுக் குடுன்னா அங்கங்க தப்பா போட்டு தைரியமா சொல்லும், ஆரம்பக்காரங்களுக்கு எது தப்புன்னு கண்டுபிடிக்கவும் தெரியாது. ஆன்லைன் ட்யூஷனும் அவ பாத்தா, வெளிநாட்டு நேரத்துக்கு நம்ம நடுராத்திரி உக்காரணும், அத விட்டாச்சு.

ஆகக்கூடி காசு செலவழிக்க வேண்டியது மெயின் புக்குக்கும் 'கொல்லோக்வியா'வுக்கும், ட்ரெயின்ல போறவங்களா இருந்தா லெகெந்திபுஸுக்கும், மிச்சமெல்லாம் போன்லயே ஓசி. ஸ்டெர்ன் புக் பழசு யார்கிட்டயாவது இருந்து குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, உள்ள பேனாவுல எழுதியிருந்தாலும் பரவால்ல, பாறசாலை ஸ்டேஷனோ தம்பானூரோ அவ வந்து வாங்கிக்குவா, பேரம் மட்டும் நான் பேசுவேன்.